விழித்திரையில் தெரியும் எதிர்காலம்: மருத்துவப் படங்களைப் படிக்கும் செயற்கை நுண்ணறிவு குறித்த ஓர் ஆய்வு

செயற்கை நுண்ணறிவு மனிதகுலத்தின் எதிர்காலத்தை எப்படி மாற்றும் என்ற கேள்விக்கு இதுவரை சொல்லப்பட்ட விடைகளில் பெரும்பாலானவை இயந்திரத்தின் திறனை அளப்பதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன. இயந்திரம் மனிதரை எப்போது விஞ்சும், எந்த வேலைகளைப் பறிக்கும், கட்டுப்பாட்டை மீறிப் போகுமா என்று விவாதம் நீள்கிறது. இவை தேவையான கேள்விகள்தாம். ஆனால் ஒரு துறையில் இயந்திரம் மனிதருக்கு நிகராக வந்த பிறகு அங்கு உண்மையில் என்ன நடந்தது என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை. அப்படி ஆராயத் தகுந்த துறை ஒன்று இருக்கிறது. மருத்துவப் படங்களைப் படிப்பதில் இயந்திரம் வல்லுநர்களை எட்டிப்பிடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதன் விளைவுகள் குறித்த கள ஆய்வுகளும் கிடைக்கின்றன. நீரிழிவு விழித்திரை நோயைக் கண்டறியும் மென்பொருளை மையமாகக் கொண்டு அச்சான்றுகளை இக்கட்டுரை பரிசீலிக்கிறது. செயற்கை நுண்ணறிவு தரப்போகும் எதிர்காலத்தை அதன் திறன் பாதியளவே தீர்மானிக்கிறது என்பதும், மறுபாதி சிகிச்சை, பயிற்சி, பொறுப்பு ஆகியவற்றுக்கு மனிதர் செய்யும் ஏற்பாடுகளில் இருக்கிறது என்பதும் இதன் வாதம்.

1. நிலவும் கருத்துகள்

இத்துறையில் ஆருடங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1956இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் நடந்த கோடைக்கால ஆய்வரங்கு 'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயரை நிலைநிறுத்தியது. மனிதர் செய்யும் எந்த வேலையையும் இருபது ஆண்டுகளுக்குள் இயந்திரம் செய்துவிடும் என்று 1965இல் ஹெர்பர்ட் சைமன் எழுதினார். அது நடக்கவில்லை. 2013இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கார்ல் ஃப்ரே, மைக்கேல் ஆஸ்போர்ன் இருவரும் அமெரிக்க வேலைவாய்ப்புகளில் 47 விழுக்காடு தானியங்கிமயமாகும் அபாயத்தில் இருப்பதாகக் கணித்தனர். முழுத் தொழில்களை எடுத்துக்கொள்ளாமல் அவற்றுக்குள் அடங்கிய தனித்தனிப் பணிகளைக் கணக்கிட்டு, வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடிக்காக 2016இல் செய்யப்பட்ட ஆய்வு, அந்த அளவை 9 விழுக்காடு என மதிப்பிட்டது. ஒரே கேள்விக்கு இவ்வளவு தொலைவில் நிற்கும் இரு விடைகள் வந்ததற்குக் காரணம், 'வேலை' எனப்படுவதை எந்த அலகில் அளப்பது என்ற வேறுபாடே.

இன்றைய விவாதத்தில் இரண்டு துருவங்களைக் காணலாம். செயற்கை நுண்ணறிவால் மனித இனம் அழியும் அபாயத்தைத் தணிப்பது, பெருந்தொற்று, அணு ஆயுதப் போர் ஆகியவற்றைத் தடுப்பதற்கு இணையான உலகளாவிய முன்னுரிமையாக வேண்டும் என்று 2023 மே மாதம் ஓர் அறிக்கை வெளியானது. ஜெஃப்ரி ஹின்டன், யோஷுவா பெஞ்சியோ போன்ற முன்னோடி அறிஞர்கள் அதில் கையெழுத்திட்டிருந்தனர். மறுபக்கம், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அரவிந்த் நாராயணன், சயாஷ் கபூர் இருவரும் 2025இல் வெளியிட்ட கட்டுரையில், மின்சாரத்தையும் இணையத்தையும் போல இதையும் ஒரு வழக்கமான தொழில்நுட்பமாகவே கருத வேண்டும் என்றனர். கண்டுபிடிப்புக்கும் பயன்பாட்டுக்கும் இடையே நிறுவனங்கள், சட்டங்கள், பழக்கங்கள் எனப் பல படிகள் இருப்பதால் மாற்றம் பல பத்தாண்டுகளில்தான் பரவும் என்பது அவர்கள் நிலைப்பாடு. இவ்விரு பார்வைகளையும் உரசிப்பார்க்க நடைமுறைச் சான்று தேவை. மருத்துவத் துறை அதைத் தருகிறது.

2. விழித்திரைப் படமும் இயந்திரக் கற்றலும்

நீரிழிவு நெடுநாள் நீடித்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைகின்றன. கண்ணின் பின்புறத்தை எடுக்கும் படத்தில் முதலில் ஊசிமுனை அளவுச் சிவப்புப் புள்ளிகள் தென்படும். அவை குழாய்ச் சுவரில் ஏற்பட்ட புடைப்புகள். பிறகு இரத்தக் கசிவுகளும், கொழுப்பு படிந்த மஞ்சள் திட்டுகளும் தோன்றும். முற்றிய நிலையில் வலுவற்ற புதிய குழாய்கள் முளைத்து, உடைந்து, பார்வையை மறைக்கும். இந்நோயின் கொடுமை அதன் மௌனத்தில் உள்ளது. பார்வை மங்கும் வரை நோயாளிக்கு எந்த அறிகுறியும் தெரியாமல் போகலாம். உரிய காலத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையாலும் ஊசி மருந்தாலும் பார்வையைப் பெரும்பாலும் காக்க முடியும். ஆகவே நீரிழிவு உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. அத்தனை பேரின் விழித்திரையையும் ஆண்டுதோறும் படித்துச் சொல்லும் அளவுக்குக் கண் மருத்துவர்கள் இல்லை. இயந்திரத்துக்கான தேவை இங்கிருந்துதான் பிறந்தது.

2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் திருப்புமுனை. 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு ஒரு நரம்பு வலையமைப்புக்கு அவர்கள் பயிற்சி அளித்தனர். படங்கள் அமெரிக்காவின் கண் பரிசோதனைத் திட்டம் ஒன்றிலிருந்தும், மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று இந்திய மருத்துவமனைகளிலிருந்தும் வந்தவை. ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு முறை வரை மருத்துவர்கள் தனித்தனியே தரப்படுத்தினர். மொத்தம் 54 பேர் இப்பணியில் ஈடுபட்டனர். சிவப்புப் புள்ளி எது, கசிவு எது என்று இயந்திரத்துக்கு யாரும் விதி எழுதிக் கொடுக்கவில்லை. படமும் மருத்துவர் வழங்கிய தரமும் மட்டுமே கொடுக்கப்பட்டன. இரண்டுக்கும் உள்ள தொடர்பை அது தானே வகுத்துக்கொண்டது. நோயைத் தவறவிடாமல் இருப்பதை முதன்மையாகக் கொண்டு சோதித்தபோது, மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியவர்களில் 96 முதல் 97.5 விழுக்காட்டினரை அது சரியாக இனங்கண்டது.

அடுத்து வந்த முடிவு இன்னும் வியப்பானது. 2018இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு குழு, விழித்திரைப் படத்தை மட்டும் கொண்டு ஒருவரின் வயதைச் சராசரியாக மூன்றே கால் ஆண்டு வேறுபாட்டுக்குள் கணிக்க முடியும் என்றும், ஆணா பெண்ணா என்பதை மிக உயர்ந்த துல்லியத்துடன் சொல்ல முடியும் என்றும் காட்டியது. விழித்திரைப் படத்தைப் பார்த்துப் பாலினத்தைச் சொல்லும் வழி கண் மருத்துவத்தில் இருந்ததில்லை. மனிதர் கற்றுக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்லும் நிலையைக் கடந்து, மனிதர் கண்டிராததையும் இயந்திரம் காண்கிறது என்பதற்கு இது தெளிவான சான்று. செயற்கை நுண்ணறிவு மீதான பெரும் நம்பிக்கைக்கும், அதன் முடிவை எப்படிச் சரிபார்ப்பது என்ற கவலைக்கும் இந்த ஒரே பண்புதான் அடிப்படை.

3. மதுரையும் சென்னையும்: நேரடிச் சோதனை

சேகரித்து வைத்த படங்களில் தேர்ச்சி பெற்ற மென்பொருள், வரிசையில் காத்திருக்கும் நோயாளிகளிடமும் அப்படியே செயல்படுமா என்பது அடுத்த கேள்வி. அரவிந்த் கண் மருத்துவமனை இச்சோதனைக்கு இயல்பான களமாக அமைந்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அந்நிறுவனம், பெருந்திரளான மக்களுக்குக் குறைந்த செலவில் தரமான சிகிச்சை அளிப்பதையே முறையாக வளர்த்தெடுத்தது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் படம் எடுப்பது, மருத்துவர் அதைத் தொலைவிலிருந்து படிப்பது என்ற பணிப்பகுப்பு அங்கு ஏற்கெனவே இருந்தது.

அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் செய்யப்பட்ட ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. மேல்சிகிச்சை தேவைப்படும் நோயை மென்பொருள் அரவிந்தில் 88.9 விழுக்காடும் சங்கர நேத்ராலயாவில் 92.1 விழுக்காடும் கண்டுபிடித்தது. நோய் இல்லாதவர்களை முறையே 92.2, 95.2 விழுக்காடு அளவுக்குச் சரியாக விலக்கியது. அதே படங்களைப் படித்த மனிதர்கள் நோயைக் கண்டுபிடித்த அளவு 73.4 முதல் 89.8 விழுக்காடு வரை வேறுபட்டது.

இந்த எண்களின் பொருளை ஒரு கணக்கின் வழியே காணலாம். பரிசோதிக்கப்படும் 1,000 பேரில் 100 பேருக்கு மேல்சிகிச்சை தேவை என்று கொள்வோம். முதல் மருத்துவமனையின் விகிதப்படி 89 பேர் கண்டுபிடிக்கப்படுவர்; 11 பேர் விடுபடுவர். நோயற்ற 900 பேரில் சுமார் 70 பேர் தேவையின்றி மேல்பரிசோதனைக்கு அனுப்பப்படுவர். பெரிய மருத்துவமனைக்குள் இது பெரிய சிக்கல் அன்று. அந்த 70 பேரும் பக்கத்து அறைக்குச் சென்று மருத்துவரைப் பார்த்துவிடலாம். மருத்துவமனை 50 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அதே பிழை ஒரு நாள் கூலியாகவும் பேருந்துக் கட்டணமாகவும் மாறும். மென்பொருள் ஒன்றுதான், பிழை விகிதமும் ஒன்றுதான். அதன் சுமை மட்டும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது.

4. தாய்லாந்துக் களத்தின் படிப்பினை

இந்த வேறுபாட்டை நேரில் கண்டு பதிவு செய்த ஆய்வு தாய்லாந்தில் நடந்தது. பதும்தானி, சியங்மாய் மாகாணங்களின் 11 சிகிச்சை நிலையங்களில் 2018 நவம்பர் முதல் 2019 ஆகஸ்ட் வரை ஆய்வாளர்கள் நேரில் சென்று கவனித்தனர். அதன் முடிவுகள் 2020இல் வெளியாயின. அங்கு முன்பு செவிலியர் எடுக்கும் படம் வேறிடத்திலுள்ள வல்லுநருக்கு அனுப்பப்பட்டு, முடிவு வரப் பத்து வாரம்கூட ஆகும். மென்பொருள் அதைச் சில நிமிடங்களில் தரும் என்பது எதிர்பார்ப்பு.

நடந்தது வேறு. விழித்திரையைத் தெளிவாகப் படமெடுக்க அறை இருட்டாக இருக்க வேண்டும். அப்போதுதான் கண்மணி விரியும். 11 நிலையங்களில் இரண்டில் மட்டுமே அதற்கெனத் தனி இருட்டறை இருந்தது. மற்ற இடங்களில் படமெடுக்கும் அதே அறையில் வேறு நோயாளிகளுக்கான பணிகளும் நடந்ததால் விளக்கை அணைக்க முடியவில்லை. மங்கலான படத்தைப் படிக்க மென்பொருள் மறுத்தது. தவறான முடிவு சொல்வதைவிட முடிவே சொல்லாமல் இருப்பது பாதுகாப்பானது என்று அது அமைக்கப்பட்டிருந்தது. ஆய்வின்போது எடுக்கப்பட்ட 1,838 படங்களில் 21 விழுக்காடு இப்படி நிராகரிக்கப்பட்டன. அவற்றில் சிலவற்றில் நோய் இல்லை என்று செவிலியரின் கண்ணுக்கே தெரிந்தது. ஆயினும் படம் நிராகரிக்கப்பட்டவர் வேறொரு நாள் தொலைவிலுள்ள மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். அந்த அலைச்சலை எண்ணிச் செவிலியர் சிலர், ஆய்வில் சேர வேண்டாம் என்று நோயாளிகளுக்கு யோசனை சொன்னார்கள். ஒரு நிலையத்தில் இரண்டு மணி நேரம் இணையம் துண்டித்ததால், 200 பேருக்கு நடக்க வேண்டிய பரிசோதனை 100 பேரோடு நின்றது.

இங்கு மென்பொருள் தோற்றது என்று சொல்வது சரியாகாது. இதே நாட்டில் ஒன்பது ஆரம்பச் சிகிச்சை நிலையங்களில் பின்னர் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், அது விழித்திரை வல்லுநர்களுக்குக் குறையாத துல்லியத்தைக் காட்டியது. முந்தைய ஆய்வில் தடுமாறியது மென்பொருளைச் சுற்றியிருந்த ஏற்பாடு: அறை, விளக்கு, இணையம், மேல்சிகிச்சைக்கான தொலைவு. படங்களைத் தரப்படுத்திய மருத்துவர்களின் அறிவு மென்பொருளுக்குள் சென்றிருந்தது. செவிலியர்களின் அனுபவ அறிவுக்கோ அதில் இடம் இல்லை.

5. வேலை: ஆருடமும் நடப்பும்

எக்ஸ்ரே போன்ற படங்களைப் படிக்கும் ரேடியாலஜி மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிப்பதை உடனே நிறுத்திவிடலாம்; ஐந்து, மிஞ்சினால் பத்து ஆண்டுகளில் இயந்திரம் அவர்களைவிட நன்றாகப் படங்களைப் படிக்கும் என்று 2016இல் டொராண்டோவில் ஹின்டன் கூறினார். அவர் 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்; அந்தக் கூற்றைப் புறந்தள்ள முடியாது. படம் படிக்கும் திறனைப் பொறுத்தவரை அவர் கணிப்பு பெரிதும் தவறவில்லை. ஆனால் அந்தத் தொழில் மறையவில்லை. பல நாடுகளில் ரேடியாலஜி மருத்துவர்களுக்குப் பற்றாக்குறை நீடிக்கிறது. தமது பேச்சு படப் பகுப்பாய்வை மட்டுமே கருதியது, பொதுப்படையாகச் சொல்லிவிட்டேன் என்று பின்னாளில் ஹின்டனே விளக்கினார்.

வேலை எப்படி மாறுகிறது என்பதை ஸ்வீடனில் நடந்த மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை ஆய்வு காட்டுகிறது. அங்கு வழக்கமாக ஒவ்வொரு மேமோகிராம் படத்தையும் இரண்டு மருத்துவர்கள் படிப்பார்கள். ஆய்வில் இயந்திரம் ஒவ்வொரு படத்துக்கும் அபாய மதிப்பெண் இட்டது. உயர்ந்த மதிப்பெண் பெற்றவற்றை இருவரும் மற்றவற்றை ஒருவரும் படித்தனர். 80,033 பெண்களின் முடிவுகளை 2023இல் ஒப்பிட்டபோது, வழக்கமான முறையில் 1,000 பேருக்கு 5 பேரிடம் புற்றுநோய் கண்டறியப்பட்ட இடத்தில், இயந்திரத் துணையுடன் 6 பேரிடம் கண்டறியப்பட்டது. மருத்துவர்கள் படிக்க வேண்டிய அளவோ 44 விழுக்காடு குறைந்தது.

இயந்திரம் இங்கு மருத்துவரை நீக்கவில்லை. அவர் கவனம் எங்கு தேவை என்பதை வரிசைப்படுத்தியது. மிச்சமான அந்த 44 விழுக்காடு உழைப்பு யாருக்குப் போகிறது என்பதே அரசியல் கேள்வி. நோயாளியுடன் உரையாடவும் காத்திருப்போர் பட்டியலைக் குறைக்கவும் அது பயன்படலாம்; ஆட்குறைப்புக்கும் பயன்படலாம். இரண்டில் எது நடக்கும் என்பதை மென்பொருள் முடிவு செய்வதில்லை. மருத்துவமனை நிர்வாகமும் அரசின் நிதிநிலை அறிக்கையும் முடிவு செய்கின்றன.

6. திறன் தேய்வு

மனிதர் கண்காணிக்கிறார் என்பதே இத்தகைய முறைகளின் பாதுகாப்பாகச் சொல்லப்படுகிறது. கண்காணிப்பவரின் திறன் குறையாமல் இருக்குமா என்ற கேள்விக்கு 2025இல் போலந்திலிருந்து கவலை தரும் சான்று வந்தது. பெருங்குடலில் புற்றுநோயாக மாறக்கூடிய சிறு கட்டிகளைக் கொலோனோஸ்கோப்பி பரிசோதனையில் கண்டுபிடிக்க அங்கு நான்கு மையங்களில் செயற்கை நுண்ணறிவு அறிமுகமானது. அதற்குப் பிறகு, அதன் துணையின்றிச் செய்த பரிசோதனைகளில் இத்தகைய கட்டிகள் கண்டறியப்பட்ட விகிதம் 28.4 விழுக்காட்டிலிருந்து 22.4 விழுக்காடாகச் சரிந்தது. இது அவதானிப்பு ஆய்வு. நோயாளிகளின் வேறுபாடு போன்ற பிற காரணங்களும் இருக்கலாம். அப்படியிருந்தும், அனுபவம் மிக்க மருத்துவர்களிடமே சில மாதங்களில் தென்பட்ட இந்தச் சரிவு அலட்சியப்படுத்தத் தக்கதன்று.

இதன் நீண்டகால விளைவு அடுத்த தலைமுறையைச் சேரும். ஆயிரக்கணக்கான எளிய படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இளம் மருத்துவரின் கண் பழகுகிறது. எளியவை எல்லாம் இயந்திரத்திடம் போய்விட்டால், அரிதானவற்றைத் தீர்ப்பதற்கான பயிற்சி எங்கிருந்து வரும்? வருங்கால மென்பொருள்களுக்குப் படங்களைத் தரப்படுத்தித் தரும் வல்லுநர்களும் இப்படிப் பழகிய கண்களிலிருந்துதான் வர வேண்டும். இயந்திரம் கற்பதற்கு மனிதத் திறனே ஊற்றாக இருக்கையில், அந்த ஊற்றைத் தூர்ந்துபோக விடுவது இயந்திரத்துக்கும் கேடு.

7. எதை அளக்கிறோம் என்ற சிக்கல்

இயந்திரத்துக்குக் கொடுக்கப்படும் இலக்கே தவறாக இருந்தால் அதன் துல்லியம் தீமையைப் பெருக்கும். அமெரிக்காவில் கூடுதல் மருத்துவக் கவனிப்பு யாருக்குத் தேவை என்று தேர்ந்தெடுக்கப் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணிப்பு முறையை ஸியாத் ஓபர்மையர் குழுவினர் ஆராய்ந்து, 2019இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினர். அந்த முறை நோயின் கடுமைக்குப் பதிலாக மருத்துவச் செலவை அளவுகோலாகக் கொண்டிருந்தது. கறுப்பின மக்களுக்குச் சிகிச்சை எட்டுவதில் நெடுங்காலத் தடைகள் இருந்ததால், ஒரே அளவு நோயுற்ற வெள்ளையரைவிட அவர்களுக்கு ஆன செலவு குறைவு. செலவு குறைவு என்பதால் அவர்கள் உடல்நலத்துடன் இருப்பதாக இயந்திரம் கொண்டது. இந்தச் சாய்வைத் திருத்தினால் கூடுதல் கவனிப்புக்குத் தகுதிபெறும் கறுப்பின நோயாளிகளின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்.

இன வெறுப்புடன் யாரும் நிரல் எழுதவில்லை. இனம் என்ற தகவலே அதில் உள்ளீடாக இல்லை. பழைய அநீதி எண்ணாக மாறி, நடுநிலையான கணக்கு என்ற தோற்றத்தில் எதிர்காலத்துக்குக் கடத்தப்பட்டது. சாதியும் வர்க்கமும் ஊரும் சிகிச்சை அணுகலைத் தீர்மானிக்கும் இந்தியச் சூழலில், கடந்த காலத் தரவைக் கொண்டு வருங்காலத்தைத் திட்டமிடும் எவரும் இந்த ஆய்வை முதலில் படிக்க வேண்டும்.

8. பொறுப்பு

2018 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மருத்துவர் படத்தைப் படிக்காமலேயே நீரிழிவு விழித்திரை நோய் குறித்து முடிவு சொல்லும் ஒரு மென்பொருளுக்கு முதன்முறையாக அனுமதி அளித்தது. 10 ஆரம்பச் சிகிச்சை மையங்களில் 900 பேரிடம் சோதித்த பிறகே இந்த அனுமதி வந்தது. முடிவு தவறினால் யார் பொறுப்பு என்ற கேள்வி இங்கு தவிர்க்க முடியாதது. அந்த மென்பொருளை உருவாக்கிய நிறுவனம், அதன் கணிப்புக்கான பொறுப்பைத் தானே ஏற்பதாக அறிவித்து அதற்கான காப்பீட்டையும் வைத்துக்கொண்டது. தானே முடிவெடுக்கும் இயந்திரத்தை விற்பவர், முடிவின் விளைவையும் ஏற்க வேண்டும் என்ற நெறி இதில் அடங்கியுள்ளது.

சட்டங்களும் மெல்ல உருவாகின்றன. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், உயர் அபாயப் பிரிவில் வரும் பயன்பாடுகளுக்கு மனித மேற்பார்வையைக் கட்டாயமாக்குகிறது. அதன் விதிகள் கட்டம் கட்டமாகச் செயலுக்கு வரும் வகையில் சட்டம் அமைந்துள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2023இல் மருத்துவத் துறைக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. எனினும் மேற்பார்வை என்று எழுதி வைப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முடிவுகளுக்கு ஒப்புதல் தர வேண்டிய மருத்துவர், நேரமின்மையால் இயந்திரம் சொன்னதையே வழிமொழியத் தொடங்குவார். மறுத்துச் சொல்ல நேரமும் பயிற்சியும் பணிப் பாதுகாப்பும் இருந்தால்தான் மேற்பார்வை உண்மையானது.

9. பெரிய அச்சங்களுக்கு இச்சான்றுகளின் பொருத்தம்

ஒரே வகைப் படத்தைப் படிக்கும் குறுகிய மென்பொருளிலிருந்து, பல துறைகளில் செயல்படும் பொதுத்திறன் கொண்ட இயந்திரங்களைப் பற்றி முடிவு கூற முடியுமா என்ற எதிர்வாதம் வலுவானது. தானே இலக்கு வகுத்து, தானே நிரல் எழுதும் இயந்திரங்கள், இங்கு விவரித்த தடைகள் சிலவற்றை விரைவாகக் கடக்கலாம். வேகம் வேறாக இருக்கும் என்பதை ஏற்க வேண்டும். ஆனால் அந்த எதிர்வாதம் இக்கட்டுரையின் முடிவைப் பலவீனப்படுத்துவதில்லை. அதற்கு அவசரம் சேர்க்கிறது. குறுகிய திறனுள்ள ஒரு கருவிக்கே இலக்கைச் சரியாக வகுப்பது, பிழையின் சுமையை நியாயமாகப் பகிர்வது, மனிதத் திறனைக் காப்பது, பொறுப்பாளியை நிர்ணயிப்பது ஆகிய நான்கும் கடினமாக இருந்தன. திறன் பெருகும்போது இந்நான்கும் எளிதாகும் என்று நம்புவதற்கு இதுவரை கிடைத்த சான்றுகளில் இடமில்லை.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, மருத்துவப் படம் படித்தல் போன்ற பணிகளில் இயந்திரத்தின் திறன் மெய்யானது; அதை மறுப்பது, பார்வையைக் காக்கக்கூடிய கருவியை ஏழை மக்களுக்கு மறுப்பதாகும். இரண்டாவது, அந்தத் திறன் தானாகவே நன்மையாக மாறுவதில்லை. நோயைக் கண்டுபிடித்துச் சொல்லும் இடத்துக்கும் சிகிச்சை கிடைக்கும் இடத்துக்கும் இடையிலான தொலைவைக் குறைப்பது அரசின் முதலீட்டையும் நிறுவனங்களின் ஒழுங்கையும் சார்ந்தது. மூன்றாவது, இயந்திரத்தைத் திருத்தும் ஆற்றல் மனிதரிடம் நிலைத்திருக்க வேண்டுமானால், அதற்கான பயிற்சியும் பணிச்சூழலும் திட்டமிட்டுப் பேணப்பட வேண்டும். சந்தை தன்னியல்பாக அதைச் செய்யாது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவரும் எந்தத் திட்டமும் மென்பொருளின் துல்லியத்தோடு, அது தவறும்போது பாதிக்கப்படுபவர் யாரிடம் முறையிடலாம், அவருக்கு என்ன பரிகாரம் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். அவ்விரண்டுக்கும் விடையில்லாத திட்டத்துக்கு அனுமதி தரலாகாது.